பூபாலன் வாழ்த்துச் சொல்லாத நாள்

பூபாலன் பேச எழுந்தால் மாமன்றத்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு உள்ளங்கையைத் தயாராக வைத்துக்கொள்வார்கள். மேசையைத் தட்டுவதற்கு. தலைவரைச் சொல்லும்போது நீளமான தட்டு. அமைச்சரைச் சொல்லும்போது நடுத்தரம். மாவட்டச் செயலாளரைச் சொல்லும்போது, அவருடைய ஆட்கள் யாராவது பார்வையாளர் மாடத்தில் இருக்கிறார்களா என்று ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அதற்கேற்ற தட்டு.

ஒரு கவுன்சிலருக்குப் பேசக் கொடுக்கும் நேரம் ஒரு டீ ஆறும் நேரம்தான். பூபாலனின் வாழ்த்தோ டீ ஆறி, ஆடை படிந்து, அந்த ஆடையை விரலால் ஒதுக்கும் வரை போகும். "எனது வார்டைப் பொறுத்தவரை" என்று அவர் வாயெடுக்கவும் மேயர் மணியடிக்கவும் சரியாக இருக்கும். அவர் நாலு திசைக்கும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். வார்டைப் பொறுத்தவரை என்ன என்பது மாநகராட்சிக்கு இன்றுவரை தெரியாது.

இதை அவர் குறையாக நினைத்ததில்லை. கடையில் கற்ற பாடம் அது. முகப்பேரில் அவர்கள் குடும்பத்தின் நிலத்தை வீட்டு வசதிக்காக எடுத்துக்கொண்டபோது கிடைத்ததை வைத்து அவருடைய அப்பா மெயின் ரோட்டில் எவர்சில்வர் பாத்திரக் கடை போட்டார். கடைக்குள் வந்தவரிடம் எடுத்ததும் விலையைச் சொல்லக் கூடாது. "வாங்க, பையன் காலேஜ் முடிச்சுட்டானா, மூட்டு வலி தேவலையா" என்று பத்து வார்த்தை போட வேண்டும். அந்தப் பத்து வார்த்தையில் ஆள் குளிர்ந்துவிட்டால் குக்கருக்கு வந்தவர் அண்டாவோடு போவார். பூபாலன் இதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அரசியலில் வைத்தார். அங்கே அது இன்னும் நன்றாக விற்றது.

அம்பத்தூர் தனி நகராட்சியாக இருந்த காலத்திலேயே உறுப்பினர். பிறகு அது மாநகராட்சியோடு சேர்ந்தது, அவரும் சேர்ந்தார். அடுத்த தேர்தலுக்கு மனுப் போட்டு, சுவரெல்லாம் சுண்ணாம்படித்து, நோட்டீஸும் அச்சாகி வந்த வாரம் தேர்தலே நின்றுபோனது. அதன்பின் பல வருடம் ஊரில் கவுன்சிலர் என்று யாருமே கிடையாது. ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்றால் சனம் வந்தது பாத்திரக் கடைக்குத்தான். பதவியே இல்லாத பதவியில் அவர் குந்தியிருந்த காலம் அது. உதவிப் பொறியாளருக்குப் போன் போடுவார், அவர் எடுக்க மாட்டார். "லைன்ல கீறாரு, இதோ சொல்லிடறேன்" என்று இவர் சனத்திடம் சொல்லுவார். மறுபடி தேர்தல் வந்து, சால்வையும் மாலையுமாக ஜெயித்து, மறுபடி வாழ்த்துரை ஆரம்பித்தார்.

அந்தப் பதவிக்காலம் கடைசி வருடத்தைத் தொட்டிருந்தபோதுதான் தீர்மானப் புத்தகத்தில் அவர் வார்டுக்கென்று ஒரு வரி வந்தது. நான்காவது தெருவில் இருக்கும் சுகாதார நிலையத்தை, பைபாஸுக்கு அந்தப் பக்கம் வானகரம் போகும் வழியில் இருக்கிற பெரிய நிலையத்தோடு இணைப்பது. காலியாகும் இடத்தைக் குப்பை வண்டிகள் நிறுத்தும் இடமாக மாற்றுவது. பூபாலன் அந்த வரியைப் படிக்கும் முன்பே அதே தெருவாசி சுசீலா கைபேசியில் படித்துவிட்டாள்.

சுசீலாவுக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கணவர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸில் பாதி ஆயுசைக் கழித்து, ஓய்வு பெற்று முகப்பேரில் ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு வந்தவர். அவருக்குச் சர்க்கரை. காலில் ஆறாத புண். மாதா மாதம் மாத்திரைக்கும், வாரா வாரம் கட்டு மாற்றுவதற்கும் நான்காவது தெருவுக்கு நடந்தே போய்வருவார்கள்.

அவள் கடைக்கு வந்தபோது பூபாலன் கல்லாவில் இருந்தார். அவர் மனைவி ரேணுகா ஒரு தாம்பாளத்தைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கவுன்சிலர் சார், போன மாசம் நீங்க பேசுனத முழுசாப் பாத்தேன். போன்ல ஓடுச்சுல்லா."

"அப்டியா. எப்டி கீது பேச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. யாரு யாரு பேரெல்லாமோ வந்துச்சு. நம்ம தெருப் பேரு மட்டும் வரவே இல்ல."

ரேணுகா தாம்பாளத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மாத்திரை வாங்குத எடத்த பைபாஸுக்கு அங்கிட்டு கொண்டு போறாங்களாம்" என்றாள் சுசீலா. "எங்க வீட்டுக்காரரு கால்ல கட்டோட அந்த ரோட்ட எப்படித் தாண்டுவாரு? நானுந்தான் எப்படித் தாண்டுவேன்?"

"நான் பேசறேம்மா. கூட்டம் வருதில்ல."

"பேசுவீக. எப்பப் பேசுவீக? மணியடிச்ச பொறவா?"



அவள் போனபின் அவர் ஒரு காகிதத்தை எடுத்து வாழ்த்தைச் சுருக்கப் பார்த்தார். தலைவரைத் தொட முடியாது. அமைச்சரை எடுத்தால் அவருடைய உதவியாளர் சாயங்காலமே போன் போடுவார். மாவட்டச் செயலாளர் மணவாளனை எடுத்தால் போன்கூட வராது, அது அதைவிட ஆபத்து. எடுக்கக்கூடிய ஒரே ஆள் மேயர். ஆனால் மணி இருப்பது அவர் கையில். காகிதம் சுருங்குவதற்குப் பதில், விட்டுப்போன இரண்டு பேர் நினைவுக்கு வந்து நீண்டது.

கூட்டத்தன்று காரை ஓட்டியவர் பால்ராஜ். வட்டச் செயலாளர், பள்ளிக்கூடக் காலத்துச் சேக்காளி. திருமங்கலம் சிக்னலில் வண்டி நின்றபோது பூபாலன் மெதுவாகக் கேட்டார்.

"வாழ்த்தைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கினா இன்னா மாமே?"

பால்ராஜ் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "யாரைக் கம்மி பண்ணுவ?"

"அதான் தெரில."

"கம்மி பண்ணாதான் தப்பு. ஒருத்தனை வுட்டா, என்னை மட்டும் ஏன்டா வுட்டேன்னு கேப்பான். ஒண்ணு ஃபுல்லா சொல்லு. இல்ல, ஜொரம்னு சொல்லிட்டு ஊட்ல பட்துக்கோ."

அந்த இடத்தில்தான் பூபாலனின் வியாபார மூளை ஒரு கணக்குப் போட்டது. ஒருவருக்குக் குறைத்து ஒருவருக்குக் கொடுத்தால்தானே சண்டை. யாருக்குமே கிடையாது என்றால்? கடையில் தீபாவளித் தள்ளுபடியை ஒட்டுமொத்தமாக நிறுத்திய வருடம் ஒருத்தர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லோரையும் விட்டுவிட்டால் யாரையும் விட்டதாக ஆகாது. சிக்னல் பச்சைக்கு மாறியபோது அவருக்கு மனசு லேசாகிவிட்டது. பால்ராஜிடம் சொல்லவில்லை.

கடைக்கு அது பொருந்தும். கட்சிக்குப் பொருந்துமா என்று அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

மாமன்றத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார். இரண்டு பக்கமும் உள்ளங்கைகள் உயர்ந்தன.

"வணக்கம். என் வார்டுல நாலாவது தெரு சுகாதார நிலையத்தை பைபாஸுக்கு அப்பால் மாத்தறதா தீர்மானம் வந்திருக்கு. அது வேண்டாம்னு கேட்டுக்கறேன். அங்க வர்றவங்க பாதிப் பேர் கால்ல கட்டோட வர்றவங்க."

உயர்ந்த கைகள் எங்கே இறங்குவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றன. ஒருவர் தன் கையைத் தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிக்கொண்டார். பூபாலனுக்கே தன் குரல் யாரோ வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்த குரல்போல இருந்தது. பைபாஸ் சர்வீஸ் சாலையில் லாரிகள் எப்படித் திரும்பும், கர்ப்பிணிகள் எந்த பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் எது வரை தண்ணீர் நிற்கும் என்று சொன்னார். சொல்லி முடித்தும் நேரம் மிச்சம் இருந்தது. அந்த மன்றத்தில் மணியடிக்கும் முன் ஓர் உறுப்பினர் தானாக உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. மேயரின் கை மணிமேல் வைத்தது வைத்தபடி இருந்தது.

அப்போது எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஒருவர் மேசையைத் தட்டினார். இரண்டே தட்டு. தன் கட்சிக்காரர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று பூபாலனுக்கு உறைத்தது அந்தத் தட்டில்தான்.

மேயர் பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் குனிந்து ஏதோ கேட்டுவிட்டு, "அந்த ஒரு தீர்மானம் மட்டும் நிறுத்தி வைக்கப்படுகிறது" என்று வேகமாகப் படித்து அடுத்ததற்குப் போனார்.

தேநீர் இடைவேளையில் அவரைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது. அடுத்த வார்டுக்காரர் மட்டும் பிஸ்கட் எடுக்கிற சாக்கில் நெருங்கி, "எப்போ ஜாயின் பண்றீங்கண்ணே" என்று உதடு அசையாமல் கேட்டார். பூபாலன் எங்கே என்று கேட்பதற்குள் நகர்ந்துவிட்டார். வெளியே வந்ததும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு, எதிர்க்கட்சிக்காரர் ஒருவர். "அண்ணாத்தே, ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா சால்வை ரெடி பண்ணியிருப்போம்ல." இவர் அவசரமாகத் துண்டித்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சொந்தக் கட்சிக்காரர்கள், ரகசியப் பேச்சு என்று முடிவு கட்டினார்கள்.

காரில் ஏறியதும் பால்ராஜ், "இன்னா மாமே பண்ணிட்ட" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மணவாளன் கூப்பிட்டனுப்பினார். அம்பத்தூரில் கட்சி அலுவலகம். நல்ல நாளிலேயே அங்கே அரை நாள் காக்க வைப்பார்கள். அன்று உடனே உள்ளே விட்டதே நல்ல அறிகுறி இல்லை.

"வா பூபாலா. உக்காரு. அவன் இன்னா தரேன்னான்?"

"யாருண்ணே?"

"யாரா? சரி, நானே சொல்றேன். அடுத்த வாட்டி சீட்டு. அதுக்கு மேல இன்னா?"

"சத்தியமா ஒண்ணும் இல்லண்ணே. யாரும் எங்கிட்ட பேசல. ஆஸ்பத்திரிக்காகத்தான் பேசுனேன்."

மணவாளன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். "ஆஸ்பத்திரி. நல்லா கீது. இத்தினி வருசமா உன் வார்டுல மழை பேஞ்சா தண்ணி நிக்குது, ரோடு புட்டுக்கினு கீது, கொசு தூக்கினு போவுது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாழ்த்தை வுட்டிருக்கியா நீ? இப்போ ஆஸ்பத்திரிக்கு வுட்டேன்னா எவன் நம்புவான்?"

திட்டியிருந்தால் பூபாலன் வாங்கிக்கொண்டிருப்பார். இது திட்டு இல்லை. அவருடைய இருபது வருடத்தையும் தராசில் வைத்து முள்ளைக் காட்டியதுபோல இருந்தது. முள் அசையவே இல்லை.

"சரி, போனது போவுது" என்றார் மணவாளன். "அடுத்த கூட்டத்துல பழையபடி ஆரம்பி. சீட்டு உனக்குத்தான், நான் வாங்கித் தரேன். அந்தத் தீர்மானம் அது பாட்டுக்கு வரும், போவும். நீ கண்டுக்காத."

"வாழ்த்து சொல்லிடறேண்ணே. தீர்மானத்தையும் எடுத்துடுங்க."

"ரெண்டும் சேந்து வராது. முறுக்கிக்கினு நின்னா வேலை நடக்கும்னு தெரிஞ்சா நாளைக்கு எல்லா கவுன்சிலரும் நிப்பான்."

"அப்போ நேத்து ஏன் நிறுத்தி வெச்சாங்க?"

மணவாளன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீ எந்தப் பக்கம்னு தெரியற வரைக்கும் நிறுத்திதான் வெப்பாங்க. உன்னை நாமளே அந்தப் பக்கம் தள்ளி வுட்டோம்னு பேரு வரக் கூடாதில்ல."

பூபாலன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் மணவாளனிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

கடையில் நடந்ததை எல்லாம் ரேணுகாவிடம் சொன்னார். அவள் கரண்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொண்டே கேட்டாள். கல்லாவில் அவர் பெயர் இருந்தாலும் கடையை நடத்துவது அவள்தான். கூட்டம், கல்யாணம், சாவு என்று அவர் சுற்றிய வருடங்களில் எல்லாம் படி ஏறி வந்தவர்களோடு விலை பேசியவள்.

"இதுல யோசிக்க இன்னா கீது" என்றாள். "வெலை படியாம எழுந்து வாசப்படிக்குப் போறவங்களைத்தானே நாம கூப்ட்டுக் கொறைச்சுத் தர்றோம். படியத் தாண்டி உள்ள வந்து சேர்ல குந்திட்டாங்கன்னா ஒரு பைசா கொறைப்போமா? அவங்களும் அதத்தான் பண்றாங்க. நீங்க வாசப்படியில நிக்கற வரைக்கும் ஆஸ்பத்திரி இருக்கும். உள்ள வந்து குந்திட்டீங்கன்னா போச்சு."

"எத்தினி நாளைக்கு நிக்கறது?"

"எலக்சன் வரைக்கும்."

"அப்புறம்?"

ரேணுகா கரண்டிக் கொத்தை ஆணியில் மாட்டினாள். "அப்புறம் அந்தக் கடைக்கு நீங்க போவ முடியாது. வேற கடைக்கும் போவ மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

அவருக்கு அது புரியாமல் இல்லை. பதவி போனால் என்ன போகும் என்று அவர் ஏற்கெனவே சில வருடம் வாழ்ந்து பார்த்தவர். ஆனால் அப்போது தேர்தல் நாளைக்கு வரும், நாளை மறுநாள் வரும் என்ற நப்பாசை இருந்தது. சொந்தக் கையால் அறுத்துவிட்டால் அதுவும் இல்லை. ரிப்பன் வெட்டும்போது தாம்பாளத்தில் கத்தரிக்கோலை நீட்டுவார்கள், அப்போது எல்லோருடைய கண்ணும் தன் விரல்மேல் இருக்கும். அந்த ஒரு நொடி அவருக்கு எப்போதும் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்வதில் அவருக்கு வெட்கமில்லை. அதற்காகத்தான் இத்தனை வருடம் அத்தனை பேரையும் வாழ்த்தினார்.

அடுத்த கூட்டம் வந்தது. மணவாளனின் ஆள் ஒருவர் மாடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பூபாலன் எழுந்தார். நெஞ்சுக்குள் வாழ்த்து தானாகப் புரண்டு நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "வணக்கம். என் வார்டுல மூணாவது மெயின் ரோட்டுல மழைநீர் வடிகால் பாதியில நிக்குது" என்றார்.

அதற்கடுத்த மாதம் கொசு. அதற்கடுத்த மாதம் நூலகக் கூரை.

கட்சியில் அவருடைய நாற்காலி நகர ஆரம்பித்தது. மேடையில் இருந்தது முன்வரிசைக்கு இறங்கியது, முன்வரிசையில் இருந்தது ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் போனது. பேனரில் அவர் முகம் தபால்தலை அளவாகி, தலைவர் பிறந்தநாளுக்குக் காணாமலே போய்விட்டது. ஆனால் வேடிக்கை, உதவிப் பொறியாளர் இப்போது முதல் மணியிலேயே போனை எடுத்தார். நாளைக்கு எந்தப் பக்கம் உட்காருவார் என்று தெரியாத கவுன்சிலரை யார் பகைத்துக்கொள்வார்கள்? வடிகால் பாதியிலிருந்து முக்காலுக்கு வந்தது. நான்காவது தெருவில் மாத்திரை வழக்கம்போலக் கிடைத்தது. தன் பேச்சுக்காக இது நடக்கவில்லை, தன்மேல் இருக்கும் சந்தேகத்துக்காக நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கௌரவமான காரணம் இல்லைதான். சுசீலாவின் கணவர் கட்டு மாற்றிக்கொண்டு வெளியே வருவதைப் பார்க்கும்போது காரணத்தைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படத் தோன்றவில்லை.

பதவிக்காலம் முடியப்போகிற சமயத்தில் ஒரு காலை பால்ராஜ் கடைக்கு வந்தார். வந்தவர் வாசலில் தொங்கிய வாளிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வா. வாளி வாங்கவா வந்த?"

"இல்ல மாமே. உங்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரில."

"சீட்டு உனக்குன்னு சொல்ட்டாங்களா?"

"கேட்டாங்க. நான் இன்னும் சரின்னு சொல்லல."

"சொல்ட்ட. சட்டையப் பாத்தாலே தெரிது." பால்ராஜின் சட்டை கஞ்சி மொடமொடப்போடு புத்தம் புதுசாக இருந்தது.

பால்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். பூபாலனுக்கு அது வரும் என்று தெரிந்த இடிதான். தெரிந்திருந்தால் வலி குறையும் என்று யாரோ அவரிடம் பொய் சொல்லியிருக்க வேண்டும். அந்த வலியிலும் அவருடைய மூளை சும்மா இருக்கவில்லை. தேர்தல் முடிந்ததும் தன்மேல் யாருக்கும் சந்தேகம் இருக்காது. நிறுத்தி வைத்த தீர்மானம் புதுப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே வரும்.

"ஓட்டுக் கேக்க, எங்க சொந்தக்காரங்க இருக்கற பழைய ஊர்த் தெருவுக்கெல்லாம் நான் கூட வரணுமா?" என்று கேட்டார்.

"நீ வராம அங்க எவன் கதவத் தொறப்பான்? எங்க அப்பன் வந்து கேட்டாலும் உங்க ஆளுங்க உன் மூஞ்சியத்தான் பாப்பாங்க."

"மணவாளன் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"அவருதான் உன்னைப் புடிச்சிக்கினு வரச் சொன்னாரு."

பூபாலன் சிரித்துவிட்டார். பிடித்துக்கொண்டு வா என்று எதிராளி சொன்னபின் விலை நம்முடையது. "வர்றேன். நாளைக்குக் காலையில மாத்திரை குடுக்கற நேரத்துக்கு நாலாவது தெருவுக்கு வந்துடு."

மறுநாள் சுகாதார நிலையத்து வாசலில் வரிசை கேட் வரை நின்றது. பால்ராஜை அழைத்துக்கொண்டுபோய் அந்த வரிசைக்கு நடுவில் நிறுத்தினார் பூபாலன்.

"இவரு பால்ராஜ். அடுத்த கவுன்சிலருக்கு நிக்கப் போறாரு. உங்களுக்கு ஒரு வார்த்த சொல்லணுமாம். சொல்லு மாமே."

"இன்னா சொல்றது?"

"ஆஸ்பத்திரிய."

பால்ராஜ் தொண்டையைச் செருமினார். "இந்த ஆஸ்பத்திரி இங்கயேதான் இருக்கும். நான் இருக்கற வரைக்கும் போவாது" என்றார் பூபாலனைப் பார்த்து.

"எங்கிட்ட சொல்லாத. அவங்ககிட்ட சொல்லு."

சுசீலா கணவரின் மருந்துச் சீட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைபேசியை எடுத்தாள். "கொஞ்சம் இருங்க தம்பி. இன்னொரு வாட்டி சொல்லுங்க, இதுல புடிச்சுக்கிடுதேன். பேரையும் சேத்துச் சொல்லிருங்க."

பால்ராஜ் பூபாலனைக் கெஞ்சும் பார்வை பார்த்தார். பூபாலன் கேட் ஓரத்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் பால்ராஜ் சீப்பை எடுத்துத் தலையைச் சீவி, சட்டைக் காலரைச் சரிசெய்து, பெயரோடு மறுபடி சொன்னார். வரிசையில் நின்ற எல்லோரும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள். இரண்டு பேர், தங்கள் போனுக்கும் அதை அனுப்பச் சொன்னார்கள். அந்த வீடியோ மணவாளனுக்கு மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

வரிசை நகர்ந்தது. பால்ராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனார்.

"அப்ப நீங்க, கவுன்சிலர் சார்?" என்றாள் சுசீலா.

"நான் கடையிலதான் இருப்பேன். வாங்க."

"ஒங்க கடையில வெல கூடுதல்லா."

பூபாலன் கடைப் பக்கம் நடக்கத் திரும்பினார்.

"வாங்கம்மா. பேசிக்கலாம்."